இலவசமாக வந்த மின்வழங்கி

கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ள விரும்பும் இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தமிழாசிரியனிடம் கேட்கவேண்டிய கேள்வி அன்றுதான். ஆயினும் இவ்விஷயத்தில் சூடுபட்டவன் என்கிற தகுதி எனக்குண்டு.

நான் முதன்முதலில் பூட்டிய கணினிக்குப் பிராசசர், மதர்போர்டு, ராம் ஆகியவற்றைப் பல நாள் விசாரித்து வாங்கினேன். எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின்வழங்கியை மட்டும் விசாரிக்கவில்லை. அது கேபினெட்டுடன் சேர்ந்தே வந்தது. "450 வாட் சார், தாராளம்" என்றார் கடைக்காரர். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து அக்கணினியில் சேர்த்துவந்தேன். ஒரு மழைக்கால மாலையில் மின்சாரம் போய்த் திரும்பியபோது 'பட்'டென்று ஓர் ஓசை. பின்னர் கருகிய வாடை. மின்வழங்கி தான் மட்டும் போகவில்லை, ஹார்ட் டிஸ்க்கையும் உடன் அழைத்துச் சென்றது. இரண்டாண்டு விடுமுறைகளின் உழைப்பு அது. இதழ்களை இரவல் தந்த பெரியவர் இன்று இல்லை. அவருடைய சேகரிப்பும் சிதறிவிட்டது. வேறு படி எடுத்துவைக்காதது என் பிழை, அதை மறைக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பெட்டியின் மீதிருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது மின்வழங்கியின் வேலை. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. ஆகவே கொட்டை எழுத்தில் உள்ள வாட் கணக்கை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர் இருந்தது. 12ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி எங்கே போயிற்று என்று கேட்க நான் அன்று அறிந்திருக்கவில்லை. நேர்மையான 450 வாட் மின்வழங்கியில் அந்த எண் 36 அல்லது அதையொட்டி இருக்கும்.

2004இல் அமெரிக்காவில் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரையைப் பலரும் தரச்சான்று என்றே கருதுகிறார்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு வெப்பமாக வீணாகாமல் பயன்படுகிறது என்பதையே அது சொல்கிறது. மிகை மின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றின்போது தானே அணையும் காப்பு உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனியே விசாரிக்கவேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, எழுதவும் ஸ்கேன் செய்யவுமான கணினிக்கு உண்மையான 450 வாட் போதும். கார்டு உண்டெனில் அதன் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ச் சூழலுக்கு இன்னும் இரண்டு. விலை மலிந்த யு.பி.எஸ்.கள் சில, சீரான அலையாக மின்சாரம் தருவதில்லை. அவற்றோடு சில புதிய மின்வழங்கிகள் ஒத்துப்போகாமல் கணினி திடீரென அணையும். இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளையில் எர்த் கம்பி உண்மையில் இணைந்துள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்றால் அது எச்சரிக்கை. பழுதானாலும் மின்வழங்கியைத் திறக்காதீர்கள். இணைப்பை எடுத்த பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

'எழுதப் படிக்க மட்டும்தானே, எதற்கு இத்தனை செலவு?' என்று கேட்கிறார்கள். விளையாட்டுக்காகக் கணினி வைத்திருப்பவன் இழப்பது விலைக்குக் கிடைக்கும் பொருளை. நாம் இழப்பது அப்படிப்பட்டதன்று. கடைக்காரரை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பிராசசரின் வேகத்தை நான்கு முறை கேட்ட நான், மின்வழங்கியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பணம் போதவில்லையெனில் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள். கணினி சற்று மெதுவாக ஓடும், அவ்வளவுதான். மின்வழங்கியில் மட்டும் இறங்காதீர்கள்.