ஓசூர் பட்டறைக்கு ராணுவ ஆர்டர்: பாலம் போடுவது யார்?

ஓசூரிலிருந்து பெங்களூரு ஹெச்ஏஎல் வளாகம் சுமார் 40 கி.மீ.தான். ஆனால், சிப்காட் பக்கம் இருக்கும் ஒரு சின்ன சிஎன்சி பட்டறை அங்கே நேரடி சப்ளையர் ஆவது அவ்வளவு சுலபம் இல்லை. ஏன்?

என்ன திட்டம்?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் அதன் 5 மையங்களில் ஒன்று. ஒருங்கிணைப்பது டிட்கோ. மாநில அரசின் 2022 கொள்கையில் உள்ள இலக்கு: 10 ஆண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீடு.

சிக்கல் எங்கே?

வாகன உதிரிபாகம் என்றால் ஒரே டிசைனை ஆயிரக்கணக்கில் ஓட்டலாம். விமான, ராணுவ ஆர்டர் பெரும்பாலும் அப்படி வராது. எண்ணிக்கை குறைவு, டிசைன் அதிகம். அதற்கும் ஏஎஸ்9100 தரச்சான்று, மெட்டீரியல் டெஸ்ட், கட்டுக்கட்டாக ஆவணங்கள். மெஷின் லோன் இஎம்ஐ அதுவரை காத்திருக்குமா?

சங்கம் என்ன செய்யலாம்?

தேசிய அளவில் அமைச்சகத்தோடு பேச, சிஐஐ சார்பில் 2017-ல் உருவான எஸ்ஐடிஎம் இருக்கிறது. கோவையில் கொடிசியா பாதுகாப்புத் துறைக்கென புத்தாக்க மையமே நடத்துகிறது. ஓசூரில் சிறு, குறுந்தொழில்களுக்கு ஹோஸ்டியா இருக்கிறது.

கண்காட்சியில் ஸ்டால் போடுவதும், அமைச்சரிடம் மனு கொடுப்பதும் மட்டும் போதாது. பொது சோதனைக்கூடம் வேண்டும். 2020-ல் வந்த மத்திய அரசின் சோதனைக்கூடத் திட்டத்தில் செலவில் 75% வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. மீதியைக் கூட்டாகத்தான் போட வேண்டும். தனிப் பட்டறையால் அது ஆகாது. சங்கம் ஆள் சேர்த்தால் ஆகும்.

அடுத்தது பேமென்ட். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால், ஆர்டர் தரும் கம்பெனி மேலேயே புகார் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த ஆர்டர் போய்விடுமே! தனி ஆள் பேசத் தயங்கும் இடத்தில் சங்கம் பேச வேண்டும்.

கவனிக்க வேண்டியது

அரசுக்கும் தொழிலுக்கும் நடுவில் நிற்பவர் பாலமாகவும் இருக்கலாம், கேட்டாகவும் இருக்கலாம். பெரிய உறுப்பினர்களுக்கு மட்டும் தகவல் முதலில் போனால் அது கேட்தான். அரசோடு நடந்த கூட்டத்தில் என்ன பேசினார்கள், எந்த டெண்டர் வருகிறது என்பது நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் அதே நாளில், தமிழில் போய்ச் சேர வேண்டும். வழித்தடம் எல்லோருக்குமானதா என்பது அங்கேதான் தெரியும்.