மூட்டைக் கணக்கு மட்டும் போதுமா?

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இரண்டு விவசாயிகள் சந்தித்தால், "காணிக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்பதே முதல் கேள்வி. அதே ஊரில் தொழிற்பேட்டையும் உள்ளது. எத்தனை உருப்படி செய்தோம் என்பதை மட்டும் பார்த்து எந்தத் தொழிலும் நடப்பதில்லை. போட்ட முதலுக்கு என்ன மிஞ்சியது என்றும் பார்க்கிறார்கள். இலாபக் கணக்கு ஒன்றே போதாது, வாடிக்கையாளர் திருப்தியையும் வேலை நடக்கும் முறையையும் அளக்க வேண்டும் என்று 1992-ல் அமெரிக்காவில் காப்லன், நார்ட்டன் என்ற இருவர் எழுதினர். சிறு விவசாயிக்கும் இது பொருந்தும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். காணி ஒன்றுக்கு ஒருவர் 40 மூட்டையும், மற்றவர் 35 மூட்டையும் எடுத்தனர். மூட்டை ரூ.1,600 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ரூ.64,000 பெற்றார், கைச்செலவு ரூ.45,000 போக மிச்சம் ரூ.19,000. இரண்டாமவர் ரூ.56,000 பெற்றார், செலவு ரூ.32,000 போக மிச்சம் ரூ.24,000. மூட்டையில் தோற்றவர் பணத்தில் வென்றார்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. இரண்டாமவர் வீட்டார் வயலில் 25 நாள் உழைத்தனர். முதலாமவர் வீட்டார் 5 நாள்தான். நாளொன்றுக்கு ரூ.500 கூலி போட்டால் முதலாமவருக்கு ரூ.16,500, இரண்டாமவருக்கு ரூ.11,500 மட்டுமே மிஞ்சும். வெளியே வேலை கிடைக்காத நாட்களில் சொந்த வயலில் உழைப்பது நஷ்டமல்ல. ஆனால் களை எடுத்த மனைவியின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டு, அதை இலாபம் என்று சொல்வது தவறு.

அரசின் விவசாயச் செலவு, விலைக் கமிஷனும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. கைச்செலவு "ஏ2". அதனுடன் குடும்ப உழைப்பைச் சேர்த்தால் "ஏ2+எப்.எல்.". சொந்த நிலத்தின் வாடகையையும் முதலுக்கு வட்டியையும் சேர்த்தால் "சி2". உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் கமிஷன் 2006-ல் பரிந்துரைத்தது. 2018-ல் மத்திய அரசு ஒன்றரை மடங்கு விலை அறிவித்தபோது எடுத்துக்கொண்டது "ஏ2+எப்.எல்." கணக்கை. விவசாய சங்கங்கள் கேட்பது "சி2". அளவுகோல் மாறினால் விலையும் மாறுகிறது. எனவே எந்த அளவுகோல் என்பது விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீருக்கும் கணக்கு வேண்டும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் குறித்து வந்தால், எந்தப் பயிர் எவ்வளவு குடித்தது என்பது புலப்படும். புதுவை கடலோரப் பகுதி. அளவு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே புகும். இந்த நஷ்டம் எந்த மூட்டைக் கணக்கிலும் வராது.

அதிகாரிகளும் மாற வேண்டும். மகசூல் போட்டியில் எடைக்குப் பரிசு தருவது வழக்கம். ரூபாய்க்கு மிஞ்சியதற்கும், நீரைச் சிக்கனம் செய்ததற்கும் ஏன் ஒரு பரிசு தரக் கூடாது?

சம்பாவோ, நவரையோ, நாற்று விடும் நாளிலேயே ஒரு நோட்டைத் தொடங்கலாம். கைச்செலவு, வீட்டார் உழைத்த நாள், மோட்டார் ஓடிய மணி, விற்று வந்த பணம் ஆகிய நான்கு பத்திகள் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரவில் ஐந்து நிமிட வேலை. அறுவடைக்குப் பின் அந்த நோட்டைப் பார்த்தே அடுத்த போகத்துக்கு என்ன பயிர் என்று முடிவு செய்யட்டும்.