சுடுவதற்கு அனுமதி உண்டு, சுடாமல் விடுவதற்குப் பயிற்சி?

கேரளத்தில் நெடுமங்காட்டைத் தாண்டி விதுரா, பாலோடு பக்கம் மரவள்ளிக்கிழங்கு போட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இரண்டாவது நிமிடம் பேச்சு காட்டுப்பன்றியில் வந்து நிற்கும். ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டுவிடுகிறது. சேனையும் சேம்பும் தப்புவதில்லை, குலை தள்ளுவதற்கு முன்பே வாழை சாய்கிறது. காட்டோரத் தோட்டம் என்றால் மிளாவும் கேளையாடும்கூட வந்து போகும். விவசாயியின் கோபம் நியாயமானது. அதை மறுத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது நகரத்து வசதி.

2022 மே மாதக் கடைசியில் கேரள அரசு ஒரு முடிவெடுத்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோருக்கே வழங்கப்பட்டது. அதற்காக அவர்கள் கௌரவ வன உயிரினக் காப்பாளர்கள் ஆக்கப்பட்டார்கள். விஷம், வெடி, மின்சாரம் வைத்துக் கொல்லக் கூடாது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம். காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்காக அறிவிக்க வேண்டும் என்று மாநிலம் பலமுறை கேட்டும் மத்திய அரசு இணங்காததால் கண்டுபிடித்த வழி இது. வனத்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு நிம்மதிதான்.

ஆனால் தலைவர் கையெழுத்துப் போடுவது பகலில். விசையில் விரல் வைக்கிறவர் முடிவெடுப்பது ராத்திரி ஒரு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மூன்று விநாடிக்குள். எதிரே புதருக்குள் அசைவது பன்றியா, மானா, மாடா? அந்த விநாடிகளுக்கு அவரைத் தயார் செய்தது யார் என்று இதுவரை யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

மான், பசு, நாய், மரநாய் இவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் அடித்தால் கண் பளிச்சென்று மின்னுவது அதனால்தான். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகவே இருட்டில் இரண்டு கண் ஜொலித்தால் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட வேண்டும், அது பன்றியில்லை. சரி, ஜொலிக்காவிட்டால் பன்றி என்று சுட்டுவிடலாமா? கூடாது. மனிதக் கண்ணிலும் அந்தப் படலம் இல்லை. இந்த மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறவர்கள். விளக்கை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் குனிந்து நிற்கும் ஆளும், கிழங்கைக் கிளறும் பன்றியும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கருப்பு உருவம்தான்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2021 நவம்பரில் வயநாட்டின் கம்பளக்காடு அருகே, வயலில் பன்றி விரட்டப் போன பழங்குடி இளைஞர் ஒருவர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். சுட்டவர்கள் பன்றி என்று நினைத்தார்கள்.

இந்தியாவில் உரிமம் பெற்று வேட்டையாடும் முறை 1991ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு ஒழிந்தது. ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் கைவிட்டுப் போனது: எதைச் சுடக் கூடாது என்று பழகிய கண். நீலகிரியில் 1870களில் வெள்ளைக்காரத் துரைமார் கண்டதையெல்லாம் சுட்டுத் தீர்த்து, மிளாவும் வரையாடும் அருகிப்போன பிறகே அவர்களுக்கு ஞானம் பிறந்தது. 1877இல் வேட்டைச் சங்கம் அமைத்தார்கள், 1879இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பெட்டைக்கும் குட்டிக்கும் விலக்கு, இன்ன மாதங்களில் வேட்டை கிடையாது, ஒரு உரிமத்துக்கு இத்தனைதான் என்றெல்லாம் விதிகள். நாளைக்கும் சுட வேண்டுமே என்ற சுயநலம் அதில் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் விதி தன் வேலையைச் செய்தது. மூணாறு பக்கம் இரவிகுளத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் வரையாட்டில் முதிர்ந்த கடாவை மட்டுமே சுடுவது என்று வைத்துக்கொண்டார்கள். முதுகு வெளுத்துச் சேணம் போட்டதுபோல் ஆன கடா அது. காவலுக்கு முதுவர் பழங்குடியினரை அமர்த்தினார்கள். 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் இரவிகுளம் அறிவிக்கப்பட்டபோது காப்பாற்றுவதற்கு வரையாடுகள் மிஞ்சியிருந்தன. நீலகிரி வரையாடுகளை மலை மலையாக ஏறி எண்ணிய ஈ.ஆர்.சி. தாவீதார்கூட வேட்டைத் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்தவர்தான்.

மானைப் பொறுத்தவரை இந்தப் பழகிய கண் இன்னும் அவசியம். புள்ளிமானும் மிளாவும் பிறந்த குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தனியாக மேயப் போகும். தனியாக நிற்கும் பெட்டையைப் பார்த்து, குட்டி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. குளிர்நாடுகளில் மான் குட்டி போடும் பருவம் திட்டவட்டமானது, அந்த மாதங்களில் பெட்டையைச் சுடத் தடை போட்டுவிடலாம். நம் புள்ளிமான் வருடம் முழுக்கவே குட்டி போடும். காலண்டர் பார்த்துத் தப்பிக்கிற வழி இங்கே இல்லை.

இப்போது எதற்கு மான் பேச்சு, சுட அனுமதி பன்றிக்குத்தானே என்று கேட்கலாம். 2025 அக்டோபரில் கேரளச் சட்டப்பேரவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்குகளைத் தொல்லை விலங்காக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசே எடுத்துக்கொள்வது அதில் ஒரு பகுதி. காட்டுப்பன்றி இருப்பது அந்த அட்டவணையில்தான். புள்ளிமானும் அதில்தான் இருக்கிறது. இன்றைக்குப் பன்றியைச் சுடச் சொல்லி எழும் குரல் நாளைக்கு மானைச் சுடச் சொல்லி எழாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதில் எப்போதும் நியாயமே இருக்காது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், பிடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாமல் பெருகி, முளைவிடும் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டையே மெலியவைக்கிறது. அங்கே மானைக் குறைக்கச் சொல்கிறவரைக் கொடியவர் என்று ஒதுக்க முடியாது. நெய்யாறும் பேப்பாறையும் வேறு கதை. அகத்தியமலைக் காட்டில் மான் சொந்தக் குடி, அதை நம்பிச் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன.

பக்கத்தில் தமிழ்நாடு 2025இல் எடுத்த முடிவு கொஞ்சம் நிதானமானது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம், சுடுவதும் வனத்துறை ஆட்கள்தான். கன்னியாகுமரி, தென்காசி விவசாயிகள் இதை வெறும் தாமதம் என்று திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு, வனத்துறையில் ஆள் பற்றாக்குறை ஊரறிந்தது. கேரளம் வேகத்தைத் தேர்ந்தெடுத்தது, தமிழ்நாடு எச்சரிக்கையை. வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை.

நார்வேயில் மான், மூஸ் போன்ற பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வில் தேற வேண்டும். காயம்பட்டு ஓடும் விலங்கைத் தேடப் பழக்கிய நாய் ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கவும் வேண்டும். அந்தக் குளிர்நாட்டுக் கணக்கெல்லாம் பாலோட்டில் எடுபடாது என்பார்கள். காயம்பட்ட பன்றி ஈற்றைப் புதருக்குள் படுத்துக் கிடந்து, மறுநாள் காலை வேலை உறுதித் திட்டப் பணிக்கு வந்த பெண் மீது பாய்ந்தால் அந்தக் கணக்கு புரியும்.

உள்ளாட்சிகள் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. பட்டியலில் உள்ள சுடுநர்கள் ஒவ்வொரு ஊரிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே, அவர்களுக்கு வருடம் ஒரு தேர்வு வைப்பது கடினமல்ல. குறி தவறாமை அதில் பாதிதான். மீதிப் பாதி, விலங்கின் பின்னால் மண்மேடு இருக்கிறதா அல்லது வீடா, சாலையா என்று பார்ப்பது, உருவம் முழுசாகத் தெரியாதவரை விசையைத் தொடாமல் இருப்பது. சுடும் ராத்திரி எது என்று பால் வெட்டுகிறவர்களுக்கு முந்தைய மாலையே தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சிப் பதிவேட்டில் புதைத்த பன்றிகளின் எண்ணிக்கையோடு, எத்தனை தோட்டா செலவானது, எத்தனை விலங்கு காயத்தோடு தப்பியது என்பதும் ஏற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலி. இப்போது சுட்டு வீழ்த்திய பன்றிக்கு இவ்வளவு என்றுதான் பணம். ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்து, சந்தேகம் வந்ததால் சுடாமல் எழுந்து வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. அவருக்குப் பெட்ரோல் காசும் நஷ்டம், தூக்கமும் நஷ்டம். அடுத்த முறை சந்தேகம் வரும்போது அவர் என்ன செய்வார்? கூலியைப் பன்றிக் கணக்கில் கொடுக்காமல் காவல் இருந்த ராத்திரிக் கணக்கில் கொடுத்தால், ஊராட்சிக்குச் செலவு கொஞ்சம் கூடும். கம்பளக்காட்டில் நடந்ததைப் படித்த எந்த ஊராட்சித் தலைவரும் அந்தச் செலவை நிதிநிலை அறிக்கையில் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.