கணக்குக் காட்டாத காது

திருப்புலிவனத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். சிம் வாங்க வந்த பாட்டி, கைரேகை வைத்துவிட்டுக் கேட்டார்: "நான் பேசுறத யாராச்சும் ஒட்டுக் கேப்பாங்களாப்பா?"

கேட்கலாம், உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போதும். 1885 தந்திச் சட்டத்துக்குப் பதில் 2023இல் புதுச் சட்டம் வந்தும் அதே கதைதான். அந்த உத்தரவைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் அதிகாரிகள்தான், நீதிபதி இல்லை. 2011இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில். பதிவான பேச்சு அந்தக் குழுவின் பார்வைக்கே போகவில்லை. பதினான்கு வருஷம்!

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி, கணக்குக் காட்டாதவர் பெயரைத் தேர்தல் குடவோலையில் போடக்கூடாது. அவர் சொந்தக்காரர் பெயரையும்தான். ஒட்டுக்கேட்பவரும் கணக்குக் காட்ட வேண்டாமா?

ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதி, பிறகு கேட்கப்பட்டவருக்குத் தகவல்: இந்த இரண்டையும் நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்க்கட்டும்.