விற்காத வண்டிக்கும் தீனி போடணும்!

ஒரு காலத்தில் வி.ஆர்.எஸ். பணம் கையில் வந்தால் எஸ்.டி.டி. பூத் வைத்தார்கள். அப்புறம் பிரவுஸிங் சென்டர். அதற்கும் அப்புறம் செல்போன் ரீசார்ஜ் கடை. இப்போது எந்தத் தாலுகா ஊரில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை. வாசலில் பலூன் தோரணம், உள்ளே கிளிப்பச்சையில் நாலு வண்டி, மேலே ஒரு போர்டு: 'லைசென்ஸ் வேண்டாம்! ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்! பெட்ரோல் வேண்டாம்!'

இத்தனை 'வேண்டாம்' போட்டவர்கள், கடை வைக்க என்னென்ன 'வேண்டும்' என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

எங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஓர் இளைஞர். வயசு 31, சம்பளம் பிடித்தம் போகக் கைக்கு 38 ஆயிரம், சொந்த ஊர் திண்டிவனம், கையில் ஒரு வயசுப் பெண் குழந்தை. "ஸார், வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். ஊர்லயே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை. ஒய்ஃபோட நகை இருக்கு, பி.எஃப். கொஞ்சம் வரும், மீதி பாங்க்" என்றார். நகையைப் பற்றி ஒய்ஃப் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "இன்னும் சொல்லலை ஸார்" என்றார். சரிதான்.

கணக்கில் புலியான மனிதர் என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பித்தோம். வண்டி 65 ஆயிரம், அதில் கடைக்காரருக்கு 6 ஆயிரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். (கம்பெனிக்காரர் வந்து பேசும்போது இன்னும் அதிகமாகச் சொல்வார். அவர் பேச்சில் போக்குவரத்து, ஃப்ரீ சர்வீஸ், ஹெல்மெட், சீட் கவர் எதுவும் கழிந்திருக்காது.) கடை வாடகை 15 ஆயிரம், பையனுக்குச் சம்பளம் 12, கரன்ட், டீ, போன் 3, பத்து லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 10. ஆக மொத்தம் 40 ஆயிரம். ஏழாவது வண்டி விற்றால்தான் கடை தலையைத் தூக்கும். ஆபீஸில் வாங்குகிற அதே 38 ஆயிரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக 13 வண்டி. இரண்டு நாளைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

"ஈஸியா போகும் ஸார்" என்றார் நண்பர்.

"ஆடி மாசத்தில்?"

பேசாமல் இருந்தார். ஜவுளிக்கடைக்காரர்தான் ஆடியைத் தள்ளுபடி போட்டு ஜெயித்தவர். வண்டிக்கு அது நடக்காது. ஆடியில் புது வண்டி எடுக்கமாட்டார்கள், மார்கழியில் எடுக்கமாட்டார்கள். மிச்ச மாசங்களில் அஷ்டமி, நவமி, கரி நாள், ராகு காலம் எல்லாம் கழித்துப் பாருங்கள். எலுமிச்சம்பழம் நசுங்குகிற நாள் வருஷத்தில் ரொம்பக் குறைவு. அதற்குப் பரிகாரம் போல ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பத்து பேர் ஒரே சமயத்தில் வந்து ஒரே கலர் கேட்பார்கள்.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. பாத்திரக்கடையில் அண்டா விற்காவிட்டால் அது பாட்டுக்குப் பரணில் கிடக்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அப்படிக் கிடக்காது. அது பால் மாடு மாதிரி, விற்காவிட்டாலும் தீனி போடணும். லெட்-ஆசிட் பாட்டரியைச் சார்ஜ் இறங்கினபடியே போட்டு வைத்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து செத்துப்போகும். லித்தியத்தை முழுசாக நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. ஏறக்குறையப் பாதி சார்ஜில் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆடி மாசத்தில் ஆள் வராத கடையில் பத்து வண்டிக்கு முறை வைத்துப் பிளக் சொருகுவதும் வியாபாரத்தில் சேர்த்திதான்.

அந்த 'வேண்டாம்' போர்டுக்கு வருவோம். அது பாதி நிஜம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் அந்த மாடலுக்குச் சான்றும் கொடுத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே அல்ல. ஆகவே நம்பர் பிளேட் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. கடை திறக்கிறவர் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சான்றின் நகலைத்தான். காலண்டரும் டீ-ஷர்ட்டும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஒயரைக் கழட்டினா நாப்பது போகுமாமே?" போகும். போன அந்த நிமிஷமே அது நம்பர் இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத, சட்டவிரோதமான மோட்டார் வாகனமாகிவிடும். ப்ளஸ் ஒன் பையன் அதில் போய் யார் மேலாவது இடித்தால், ஒயரைக் கழற்றின கடையைத் தேடி எல்லாரும் வருவார்கள். "பக்கத்துக் கடைல பண்ணித் தர்றாங்களே" என்றால், பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வண்டி போனால் போகட்டும்.

வேக வண்டி விற்கணும் என்றால் கதை வேறே. கம்பெனியின் டீலர்ஷிப் வேண்டும், டெபாசிட் வேண்டும், அவர்கள் சொல்கிற கலரில் கண்ணாடி ஷோரூம் வேண்டும், ஆர்.டி.ஓ.விடம் டிரேட் சர்டிஃபிகேட் வேண்டும். 2022-ல் விதியைத் திருத்தி அதை ஆன்லைனிலேயே வாங்கலாம், 5 வருஷம் செல்லும் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். முன்பெல்லாம் வருஷா வருஷம் போய் நிற்கணும்.

சர்க்கார் மானியத்தை நம்பிக் கடை போடாதீர்கள் என்று நான் சொன்னபோது நண்பருக்கு முகம் சுருங்கியது. நடந்ததைத்தான் சொன்னேன். 2021 ஜூனில் மத்திய சர்க்கார் ஒரு கிலோவாட்-ஹவருக்கு 15 ஆயிரம், வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்று வாரிக் கொடுத்தது. 2023 ஜூன் 1-ம் தேதி அதை 10 ஆயிரமாக்கி, 15 சதவீதத்தோடு நிறுத்தியது. அந்த மே மாதம் நாடு முழுக்க லட்சத்தைத் தாண்டி விற்ற வண்டிகள், ஜூனில் பாதிக்கும் கீழே விழுந்தன. 2024 ஏப்ரலில் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10 ஆயிரம் என்று இன்னும் சுருங்கிற்று. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. எலெக்ட்ரிக் வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம்தான் என்றாலும், எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டாரே!

நம் பக்கம் பேச ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 60 வோல்ட், 32 ஆம்பியர்-ஹவர் பாட்டரி என்றால் கிட்டத்தட்ட 2 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து இரண்டேகால். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட 20 ரூபாய்க்குள் 60 கிலோமீட்டர். பெட்ரோலில் அதே தூரம் 130 ரூபாய்க்குக் குறையாது. நோட்டீஸில் '100 கி.மீ.' என்று போட்டிருந்தாலும், சம்சாரத்தையும் அரிசி மூட்டையையும் ஏற்றினால் 60 என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்கிற கடைக்குத்தான் அந்த ஆள் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

சர்வீஸில் சம்பாதிக்கலாம் என்றால், ஆயில் மாற்றுகிற வேலையே இல்லாத வண்டி இது. பிரேக் ஷூ, டயர், த்ராட்டில், கன்ட்ரோலர், அவ்வளவுதான். மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒரு பையன் கிடைத்தால் அவனை மாப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அவன் விலகிப்போனால் கடையில் பாதி போனமாதிரி.

இவ்வளவும் பேசி முடித்துவிட்டு, "இடம் பார்த்தாச்சா?" என்றேன். பார்த்திருந்தார். பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளம். "செம இடம் ஸார். பின்னால ரூம்ல பையன் படுத்துப்பான். நைட்ல எல்லா வண்டிக்கும் சார்ஜ் போட்டுடலாம்."

நான் சிரிப்பதை நிறுத்தியது அங்கேதான்.

2022 செப்டம்பர் 12 ராத்திரி செகந்திராபாத்தில் நடந்தது இதே அமைப்புதான். கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே தீப்பிடித்துப் புகை மாடிப்படி வழியாக ஏறி, மேலே தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். அதே வருஷம் மார்ச்சில் நம் வேலூரில், சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கின வீட்டில் அப்பாவும் பெண்ணும் புகையில் மூச்சுத் திணறிப் போனார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு ராஜாஜிநகர் ஷோரூம் தீயில் அங்கே வேலை பார்த்த ஓர் இளம்பெண். லித்தியம் பாட்டரியில் ஒரு செல் சூடேறி வெடித்தால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். வாளித் தண்ணீருக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை. நெருப்பு வருவதற்கு முன்னால் புகை கொன்றுவிடும். ரிஜிஸ்டர் ஆகிற வண்டிகளின் பாட்டரிக்கு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகச் சோதனைகளைக் கடுமையாக்கினார்கள். நல்லதே. ஆனால் ராத்திரி பத்து பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டு ஷட்டரை இழுக்கிற கடைக்காரரை எந்தச் சோதனை நிலையமும் சோதிக்காது.

"பையன் படுத்துப்பான்னு சொன்னீங்களே, அவனுக்கு வயசு என்ன?"

"பத்தொன்பது ஸார். அத்தை பையன்."

அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் வந்து சொன்னார். லாட்ஜ்காரரிடம் கொடுத்த டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் திரும்ப வராதாம், போகட்டும் என்று விட்டுவிட்டார். பைபாஸ் பக்கம் தனிக் கட்டடம், மேலே மாடி கிடையாது, பின்னால் திறந்த வெளி. அங்கே ஷெட் போட்டுத் தனித்தனி எம்.சி.பி.யோடு சார்ஜிங் பாயின்ட். பகலில், ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ். ராத்திரி யாரும் உள்ளே படுப்பதில்லை. வேலையை இப்போதைக்கு விடவில்லை, ஆறு மாசம் லீவு போட்டுப் பார்க்கப்போகிறார். நகையில் பாதியைத்தான் வைக்க ஒய்ஃப் சம்மதித்தாராம். மாவட்டத் தொழில் மையத்தில் படித்த இளைஞர்களுக்கான கடன் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு என்று விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருக்கிறார்.

திறப்பு விழா ஆவணியில். கடை இன்னும் பெயின்ட்கூடக் காயவில்லை, அதற்குள் கீரை விற்கிற ஓர் அம்மா வந்து விசாரித்தாராம்: "முன்னால ரெண்டு கூடை நிக்குமா? மழை வந்தா ஷாக் அடிக்குமா?"

கூடை நிற்கும் என்று இவரே சொல்லிவிட்டார். ஷாக் கேள்வியைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.