“பீர்தானே, ஒன்னும் செய்யாது!”
ருசியை மறந்த ‘ஸ்ட்ராங்’ பிரியர்கள்

சென்னை,
பீரில் பல ரகம் உண்டு. ஜெர்மனியில் கோதுமை பீர், அயர்லாந்தில் கருப்பு ‘ஸ்டவுட்’, செக் நாட்டில் கசப்பு தூக்கலான ‘பில்ஸ்னர்’ என்று ஊருக்கு ஒரு ருசி.

சென்னையில் கதையே வேறு. 2003-ம் ஆண்டு முதல் சில்லரை மதுக்கடைகளை நடத்துவது அரசின் டாஸ்மாக் நிறுவனம். அங்கே ‘குடிமகன்கள்’ கேட்பது பெரும்பாலும் 2 கேள்விதான். “ஸ்ட்ராங் இருக்கா? கூலிங்கா இருக்கா?” ஐஸ் போல குளிர்ந்தால் நாக்கு மரத்துப் போகும். அப்புறம் ருசி ஏது?

போதைக் கணக்கு

650 மில்லி பாட்டிலில் 5 சதவீத ‘லைட்’ பீர் என்றால் ஆல்கஹால் 32.5 மில்லி. 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ என்றால் 52 மில்லி. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில் (180 மில்லி) இருப்பது சுமார் 77 மில்லி. ஆக, 2 ஸ்ட்ராங் பீர் அடித்தவர் ஒரு குவார்ட்டரை தாண்டி விடுகிறார்!

இந்த கணக்கு தெரியாமல் “பீர்தானே” என்று பைக்கை எடுப்பவர்கள்தான் ஆபத்தை தேடிக் கொள்கிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமை தாண்டினாலே வழக்கு. ஊதச் சொல்லும் போலீஸ்காரரின் கருவிக்கு பீரும் ஒன்றுதான், பிராந்தியும் ஒன்றுதான்!