சார்ஜ் ஒப்படைத்த பாட்டுக்காரர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பழைய அலுவலக நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். நான் ஈஸ்வரன் கோயிலுக்குப் போகிறவன். 40 ஆண்டுப் பழக்கத்தில் இது எங்களுக்குள் ஒரு சங்கடத்தையும் உண்டாக்கியதில்லை. ஆராதனை முடிந்து வந்தவர், கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "மெஜஸ்டி" என்று தொடங்கும் பாட்டு. "யார் எழுதியது?" என்றேன். "ஜாக் ஹேஃபோர்டு. அமெரிக்காவில் பெரிய பாஸ்டர். 2023-இல் காலமாகிவிட்டார்" என்றார்.

எனக்கு அந்தச் சொல்லே இடறியது. காரணம், நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்கு 11 வயது. எங்கள் முசியே பாடம் நடத்தும்போது, "மஜெஸ்தே" என்ற சொல்லை மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் உச்சரிப்பார். ராஜாவின் தலையை வெட்டிய தேசத்தின் பாடப்புத்தகம் அது. மாட்சிமை தாங்கிய என்று எவனையும் கூப்பிடாதே என்பதுதான் எங்களுக்குப் புகட்டப்பட்ட பால். அமெரிக்காவும் குடியரசுதானே? அங்கே பிறந்த ஒருவர் கடவுளைப் பாட ராஜாங்கத்துச் சொல்லை ஏன் தேடிப்போனார்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

ஹேஃபோர்டு 1934-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தவர். ஃபோர்ஸ்கொயர் சபையின் வேதாகமக் கல்லூரியில் படித்து 1956-இல் தேறினார். இந்தச் சபையைத் தொடங்கியவர் ஏமி செம்பிள் மெக்பர்சன் என்ற பெண்மணி. 1923-லேயே லாஸ் ஏஞ்சலீஸில் 5,300 பேர் உட்காரும் ஆலயத்தைக் கட்டியவர். ஆகவே பெரிய கூட்டம் இந்தச் சபைக்குப் புதிதல்ல. ஆனால் ஹேஃபோர்டுக்கு 1969-இல் கிடைத்தது, வான் நைஸ் என்ற இடத்தில் 18 பேர் வரும் சின்னஞ்சிறு கோயில். வருகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வயதானவர்கள். தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தில் "கூடுதல் பொறுப்பு" என்று ஒரு நாற்காலியைக் கொடுப்பார்களே, அது போல. அந்தத் தற்காலிகம் 30 ஆண்டு நீடித்தது. 18 பேர் 10,000-ஐத் தாண்டினார்கள். ஷெர்மன் வே என்ற தெருவில் இருந்ததால் சபைக்கு "வழியில் உள்ள சபை" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். தெருப் பெயரையே வேதாந்தமாக்கிய சாமர்த்தியம்!

இனி பாட்டுக் கதை. 1977-இல் மனைவி அன்னாவுடன் இங்கிலாந்து போயிருக்கிறார். எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 25 ஆண்டு நிறைந்த வெள்ளிவிழா ஆண்டு அது. ஊரெல்லாம் கொடியும் தோரணமும். பிளெனம் அரண்மனையைப் பார்த்திருக்கிறார், அதுதான் சர்ச்சில் பிறந்த மாளிகை. அந்தப் பிரம்மாண்டம் மனதில் நிற்க, காரில் போகும்போதே வரிகள் பிறக்க, அன்னாவை எழுதிக்கொள்ளச் சொன்னார். மீதியை ஊருக்குத் திரும்பிப் பியானோவில் முடித்தார். 500-க்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதியவர் என்றாலும், உலகெங்கும் அவர் பெயரைக் கொண்டுபோனது இது ஒன்றுதான்.

பிளெனம் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1704-இல் பதினான்காம் லூயியின் படையைத் தோற்கடித்ததற்காக மார்ல்பரோ பிரபுவுக்கு இங்கிலாந்து கொடுத்த பரிசு அந்த அரண்மனை. அதே பிரபுவைக் கேலி செய்து பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய "மால்புரூ" பாட்டை நாங்கள் சின்ன வகுப்பில் கைதட்டிப் பாடியிருக்கிறோம். என் வகுப்பில் கேலிப் பொருளாக இருந்தவரின் வீடு, அவருக்குக் கடவுளின் மாட்சியைக் காட்டியிருக்கிறது! பார்க்கிற கண்ணைப் பொறுத்தது.

எங்கள் முசியே சொன்னது முழுச் சரியா என்று இப்போது எனக்குச் சந்தேகம். நம் தமிழிலேயே கோயில் என்றால் கோவின் இல், அரசனின் வீடு. "இறை" என்றால் கடவுள், அரசன், வரி மூன்றும்தான். வருவாய்த் துறையில் 36 ஆண்டு வரிக்கணக்கு எழுதியவனுக்கு இது தெரியாமல் போகுமா? ராஜாக்கள் போனாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு பயன் மிச்சமிருக்கிறது. ஹேஃபோர்டு தந்த விளக்கமும் ஏறக்குறைய அதுதான்: கடவுளை அரசராகப் பாடுகிற எளிய மனிதனுக்கும் அந்தக் கம்பீரத்தில் பங்குண்டு, அவன் குனிந்தே கிடக்க வேண்டியதில்லை. இதைக் குடியரசுக்காரனும் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் என் மனதைத் தொட்டது பாட்டு அல்ல, அதற்குப் பின் வந்தது. 10,000 பேர் வந்து கேட்கிற மனிதருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பது லேசா? 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பிரபல டெலிவிஷன் போதகர்கள் சிலர் பணத்திலும் ஒழுக்கத்திலும் தவறிச் சந்தி சிரித்தார்கள். அந்தச் சேறு ஹேஃபோர்டின் மேல் படவில்லை. வேறு சபையைச் சேர்ந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் லாயிட் ஒகில்வியோடு சேர்ந்து ஊர்ப் போதகர்களை எல்லாம் ஒன்றாக ஜெபிக்கக் கூட்டினார். 1999-இல், 65 வயதில், பொறுப்பை மருமகன் ஸ்காட் பாயரிடம் கொடுத்தார்.

மருமகனுக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாரிசு விஷயத்தில் நாம் பார்க்காததா? கட்சியானாலும் மடமானாலும் மகனுக்கோ மருமகனுக்கோ போனால் எனக்குப் பிடிப்பதில்லை. இதிலும் பிடிக்கவில்லை. ஆனால் 2003-இல் அந்த மருமகன் 49 வயதில் திடீரென்று இறந்துபோனார். மகளின் துயரத்தைச் சுமந்துகொண்டே கிழவர் மறுபடி மேடை ஏறினார். அடுத்த ஆண்டே, ஸ்பானிஷ் மொழிச் சபையை நடத்திவந்த, குடும்பத்தில் சேராத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அப்போது அவர் நினைத்திருந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 2004-இல் ஃபோர்ஸ்கொயர் தலைமையகம் முதலீட்டில் ஏமாந்து பெரும்பணத்தை இழந்திருந்தது. தலைவர் விலகிவிட்டார். 70 வயதில் ஹேஃபோர்டு அந்தப் பொறுப்பை ஏற்றார். கணக்கு குழம்பிக் கிடக்கும் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போவது என்னவென்று எழுத்தர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2009 வரை பார்த்துவிட்டு அதையும் ஒப்படைத்தார்.

இத்தனை பெரிய சபைகள் தேவையா என்று கேட்டால், எனக்கு ஒப்புதல் இல்லை. 10,000 பேரில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாஸ்டருக்கு எப்படித் தெரியும்? அந்த முதல் 18 கிழவர்களுக்குக் கிடைத்த ஹேஃபோர்டு, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். இதை நண்பரிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

என் கதை ஒன்று. 2011-இல் ஓய்வு பெற்றபின் மூன்று மாதம் தினமும் பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போய் நின்றேன். கோப்புகளைப் புரட்டினேன், திருத்தம் சொன்னேன். என் இடத்துக்கு வந்த பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "ஐயா, இந்த நோட்டை நானே எழுதிப் பார்க்கிறேனே, தப்பாப் போனா கேக்கறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வீடு வந்து சேரும்வரை கண் கலங்கியது. என்னிடம் இருந்தது ஒரு மேசையும் 200 கோப்புகளும். அதை விடவே எனக்கு அத்தனை பாடு. 10,000 பேரை விட்டு எழுந்தவரை, சில குறைகளோடும், மதிக்கிறேன்.

நேற்று நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "பாட்டு பிடிச்சுதா, அதைச் சொல்லுங்க" என்றார். "பாட்டும் பிடிச்சுது. முசியே இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை ஓடவிட்டார்.